நம்ம வீட்டு லைன்தானே

"டெஸ்டர் வச்சுப் பார்த்தியா, இல்லையா?"

"பார்த்தேன் சார். மூணு..."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவன் அங்கேயே நிறுத்தினான். அவன் பார்வை வாசலுக்குப் போய்த் திரும்பியது.

"மூணு? என்ன மூணு?"

"பார்க்கல சார்."

"இப்பத்தானேப்பா பார்த்தேன்னு சொன்னே?"

"பார்க்கணும்னு நினைச்சேன்னு சொல்ல வந்தேன். பார்க்கல."

இன்ஜினியர் பேனாவை மூடினார். பிறகு திறந்தார். தொடை மேல் வைத்திருந்த அட்டையில் ஒரு படிவம் இருந்தது. பாதி நிரம்பியிருந்தது.

"பதினாலு வருஷமா கம்பம் ஏறுறே. தூங்கும்போதும் உன் சட்டைப் பையில டெஸ்டர் இருக்கும்னு ஆபீஸே கிண்டல் பண்ணும். அப்படிப்பட்டவன் டெஸ்டர் வைக்காம கம்பியைத் தொட்டான்னு நான் எழுதினா, படிக்கிறவங்க சிரிப்பாங்க."

"எழுதுங்க சார். சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்."

வாசலில் பிளாஸ்க்கைப் பிடித்தபடி நின்றிருந்தவள் அவனுடைய அண்ணி. அந்தக் குடும்பத்தின் மூத்த மருமகள். கட்டிலின் கால்மாட்டில் நின்றவள் அவன் மனைவி, இளைய மருமகள். வீட்டில் மாமியார் இருந்த காலத்திலிருந்தே ஒருத்தி மூத்தவள், இன்னொருத்தி இளையவள். அதற்கு மேல் பெயர் தேவைப்பட்டதில்லை.

மூன்று நாளுக்கு முன்னால், மூத்தவளின் வீட்டுக்கு வரும் லைனில் கம்பத்து இணைப்பு கருகிவிட்டது என்று சரிசெய்ய வந்தவன், ஏணியில் இருந்தபோது ஷாக் அடித்துக் கீழே விழுந்தான். வலது உள்ளங்கை வெந்துவிட்டது. தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டிருந்தது. கீழே யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணல் இருந்ததால் உயிர் இருந்தது.

அணைத்து வைத்த லைனில் கரண்ட் எங்கிருந்து வந்தது? மூன்று நாளாக அலுவலகம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மூத்தவளுக்கு அது தெரியும்.

"வேலை போயிடுமா சார்?" என்றாள் இளையவள்.

"போகாதும்மா. ஆனா கவனக்குறைவுன்னு எழுதிட்டா அப்புறம் கம்பம் ஏற விடமாட்டாங்க. ஆபீஸ்ல ஒரு மூலையில நாற்காலி போட்டு உட்கார வச்சுடுவாங்க."

"உட்காரட்டும். ஆறு மாசக் குழந்தைக்குக்கூடத் தெரியும், கரண்ட் கம்பியைப் பார்த்துத்தான் தொடணும்னு." இளையவள் கணவனைப் பார்க்காமல் போர்வையை இழுத்து இழுத்துச் சரி செய்தாள். "ஊர் வீட்டுக்கெல்லாம் பாடம் நடத்துவாரு. ஈரக் கையோட சுவிட்சைத் தொடாதே, செருப்பு போடாம மோட்டார் போடாதேன்னு. இப்ப எல்லாரும் என்னைக் கேட்கறாங்க. என்ன சொல்றதுன்னே தெரியல சார். மானமே போகுது."

லைன்மேன் மேலே விட்டத்தைப் பார்த்தான்.

இன்ஜினியர் எழுந்தார். வாசலில் மூத்தவளைக் கண்டதும் முகம் கொஞ்சம் இளகியது. "நீங்கதானே சோலார் வேலை பாக்குறவங்க? சுவிட்ச் அக்கான்னு சொல்வாங்களே. நாலு மணிக்கு உங்க வீட்டுக்கு வர்றேன். உங்க மாத்துப் பெட்டியை ஒரு பார்வை பார்த்துட்டா என் வேலை முடிஞ்சுது. சும்மா ஒரு முறைக்குத்தான்."

"வாங்க சார்," என்றாள் மூத்தவள். பிளாஸ்க்கின் மூடி அவள் உள்ளங்கையில் அழுந்தியிருந்தது.

மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு இளையவள் அவர் பின்னாலேயே கீழே போனாள்.

பக்கத்துக் கட்டில்காரர் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். மூத்தவள் டம்ளரில் பாலை ஊற்றினாள். பாதி மேசையில் கொட்டியது.

"ஏன் தம்பி அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? டெஸ்டர் வச்சேன், எரியலன்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன? அப்புறம் எங்கேயிருந்துடா வந்துச்சு கரண்டும்பாரு." அவன் இடது கையால் டம்ளரை வாங்கினான். "மூணு தடவை வச்சுப் பார்த்தேன் அண்ணி. செத்த லைன். மேகமா இருந்துச்சு. கம்பியைச் சீவி, புது இணைப்புப் போட்டுக்கிட்டிருந்தேன். திடீர்னு முதுகுல வெயில் அடிச்சுது. நல்லா சுள்ளுன்னு. அப்பாடா, வெயில் வந்துச்சுன்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

அவள் மேசையில் கொட்டிய பாலை முந்தானையால் துடைத்தாள்.

"விழறப்பவே தெரிஞ்சுடுச்சு. நம்ம பெட்டிதான்னு." அவன் சிரிக்கப் பார்த்தான். தோள் விடவில்லை. "மிஷின்தானே அண்ணி. உள்ளே இருக்கிற இன்டர்லாக் உடைஞ்சிருக்கும். அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ம்," என்றாள் அவள்.

"உங்க லைசென்ஸ் போச்சுன்னா நீங்க போட்டுக் குடுத்த முப்பத்தெட்டு வீட்டுக்கு யாரு பதில் சொல்றது? அண்ணன் சம்பாத்தியம்தான் நமக்குத் தெரியுமே. என் பங்குக்கும் தப்பு இருக்கு. ஏறின உடனே கம்பியில எர்த் கொக்கி மாட்டியிருக்கணும். மாட்டியிருந்தா எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது மண்ணுக்குப் போயிருக்கும். பையிலேயே இருந்துச்சு. எடுக்கல. நம்ம வீட்டு லைன்தானேன்னு விட்டுட்டேன்."

டம்ளரைத் திரும்ப வாங்கியபோது அவள் விரல்கள் அவனுடைய வலது கைக் கட்டுத் துணியின் மேல் பட்டன. சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"வரேன் தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பிளாஸ்க்கை அங்கேயே மறந்துவிட்டாள்.

அந்த "ம்" அவளோடேயே படி இறங்கி வந்தது.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயிலும் நிழலும் மாறி மாறி மடியில் விழுந்தன. ஒவ்வொரு முறை வெயில் விழுந்தபோதும் அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது.

அவள் வீட்டுக் கூரையில் நான்கு தகடுகள், மாடிப்படிக்குக் கீழே இரண்டு பேட்டரிகள், சமையலறைச் சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு மாத்துப் பெட்டி. பேட்டரியில் சரக்கு இருக்கும்வரை வீடு வெயிலில் ஓடும். இறங்கிவிட்டால் பெட்டி தானாகத் தெருக் கரண்ட்டுக்கு மாற்றிவிடும். மறுபடி வெயில் ஏறினால் மறுபடி மாற்றும். யாரும் எழுந்து போய் எதையும் தட்ட வேண்டாம். 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும்.

பெட்டிக்குள் காண்டாக்டர் எனப்படும் தானியங்கிச் சுவிட்சுகள் இரண்டு அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். ஒன்று வெயிலுக்கு, ஒன்று தெருவுக்கு. இரண்டுக்கும் நடுவே கட்டை விரல் அகலத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு. அதுதான் இன்டர்லாக். "குளியலறைத் தாழ்ப்பாள் மாதிரிங்க," என்று வாடிக்கையாளர்களுக்கு விளக்குவாள். "ஒருத்தர் உள்ளே இருந்தா இன்னொருத்தர் வெளியேதான் நிக்கணும்." எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தால் ஞாபகம் இருக்கும் என்பது அவள் கணக்கு.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டரின் வீட்டுக்குப் பெட்டி போட்டபோது அந்தத் துண்டு மட்டும் இல்லை. கடை அடைத்திருந்தது. டாக்டர் அன்றைக்கே வேண்டும் என்றார். அவள் வீட்டுக்கு வந்து, தன் பெட்டியைத் திறந்து, தன்னுடைய துண்டைக் கழற்றிக்கொண்டு போனாள்.

நம்ம வீடுதானே. நாளைக்கு வாங்கிப் போட்டுக்கலாம்.

அதற்கும் முன்னால் இன்னொன்று செய்திருந்தாள். ஒரு கரண்ட்டை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதற்கு இடையில் பெட்டி அரை நொடி காத்திருக்கும். அந்த அரை நொடியில் விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டும். அவளுக்கு அந்தச் சிமிட்டல் பிடிக்கும். அந்நேரம் வீடு தெருவுடையதும் இல்லை, வானத்துடையதும் இல்லை, மிதக்கிறது என்று தோன்றும். அவள் கணவருக்குப் பிடிக்காது. பாடப் புத்தகங்களுக்குப் புரூஃப் பார்ப்பவர் அவர். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் அவருடைய பழைய கம்ப்யூட்டர் செத்துப் பிழைக்கும். தினமும் புலம்பினார். ஒரு நாள் அவள் அந்தக் காத்திருப்பு நேரத்துக்கான திருகைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினாள். அதன்பின் சிமிட்டல் இல்லை. ஆனால் இடைவெளி இல்லாமல் மாறும்போதெல்லாம் பெட்டிக்குள் சின்னத் தீப்பொறி. பொறி பட்டுப் பட்டு, தெருப் பக்கத்துக் காண்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. தாழ்ப்பாள் இருந்திருந்தால் வெயில் உள்ளே வந்திருக்காது. தாழ்ப்பாள் பல் டாக்டர் வீட்டில் இருந்தது.

அன்று காலை மேகம். பேட்டரி இறங்கியிருந்தது. லைன்மேன் பியூஸைப் பிடுங்கியதும் வீடு இருண்டது. "கரண்ட் போச்சு," என்றார் கணவர் மேசையிலிருந்து. கால் மணி நேரம் கழித்து வெயில் வந்தது. பேட்டரி தலை தூக்கியது. பெட்டி தன் கடமையைச் செய்தது. டக். வெயில் வீட்டுக்குள் வந்து, மூடாத கதவு வழியாகத் தெருக் கம்பிக்கும் போனது.

"வந்துடுச்சு," என்றார் கணவர் சந்தோஷமாக.

அதே நேரம் தெருவில் சத்தம் கேட்டது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் சிவப்புப் பேனாவுடன் குனிந்திருந்தார். குடும்பத்தில் அவருக்குக் கமா என்று பெயர். எதற்கும் முற்றுப்புள்ளி வைக்காமல் இழுப்பார் என்று தம்பி வைத்தது.

"எப்படியிருக்கான்?"

"டெஸ்டர் வைக்கலன்னு சொல்லிட்டாரு. எனக்காக. என்னைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு."

பேனா நின்றது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். பிரிக்காமலே அவளுக்கு என்னவென்று தெரிந்தது.

"காலையில கடை திறந்ததும் போய் வாங்கிட்டு வந்தேன். கடைக்காரன் கேட்டான், அக்கா வரலையான்னு. நான்தான்..."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஸ்டாக்குக்குன்னு சொன்னேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைப் பாரு. ஒட்டிக்கிட்ட காண்டாக்டரை அன்னிக்கே, கையில இருந்த பழசு ஒண்ணை வச்சு மாத்திட்டே. இது ஒண்ணுதான் பாக்கி. போட்டுட்டா எல்லாம் சரியாயிடும். ஒரு பிழை இருந்துச்சு, திருத்திட்டோம். அவ்வளவுதான்."

"புத்தகம் அச்சாகி வந்தாச்சுங்க. இப்பப் போய்ப் புரூஃப்ல திருத்தறீங்க."

"கேட்டவன் நான்தானே. சிமிட்டக் கூடாதுன்னு. என் தப்புக்கு உன்னை..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. கமாதான். "அவனே சொல்லிட்டான். அவனா விட்டுக் குடுக்கறான். அதை வீணாக்கணுமா?"

மூன்று மணி ஆகியிருந்தது.

அவள் பெட்டியைத் திறந்தாள். இரண்டு திருகுகள்தான். துண்டு தன் இடத்தில் போய் உட்காரச் சரியாக அரை நிமிடம் ஆனது. எட்டு மாதம் தள்ளிப்போட்ட வேலை. ஒரு விரலால் ஒரு பக்கத்தை அழுத்திப் பார்த்தாள். மறுபக்கம் அசையவில்லை. தாழ்ப்பாள் விழுந்துவிட்டது.

ஆனால் பார்த்தவுடன் தெரிந்தது. புகையும் தூசியும் பட்டுப் பழுத்துப்போன காண்டாக்டர்களுக்கு நடுவே அந்தத் துண்டு புதுப் பல் போல வெள்ளையாக இருந்தது.

அவள் நாற்காலியில் ஏறினாள். பெட்டியின் மேல்புறம் எண்ணெயும் தூசியும் கலந்து கருப்பாகப் படிந்திருந்தது. விரலால் வழித்தாள். வழித்ததைக் கொண்டுவந்து வெள்ளைத் துண்டின் மேல் தடவினாள். முதலில் முகப்பில். பிறகு ஓரங்களில். திருகுத் தலைகளிலும் கொஞ்சம். இடுக்குகளுக்குத் தீக்குச்சி முனையால் தடவினாள். வேலையைச் சுத்தமாகச் செய்பவள் என்று பெயர் எடுத்தவள். இதையும் சுத்தமாகச் செய்தாள்.

இறங்கியபோது கணவர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மேசைக்குப் போய்விட்டார்.

அவள் குழாயில் கை கழுவினாள். சோப்புப் போட்டும் நகக்கண்ணில் கருப்பு போகவில்லை. அழுதால் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அழுகை வரவில்லை. ஊர்க் கூட்டத்தின் நடுவில் தன் பெயரை யாரோ உரக்கச் சொன்ன மாதிரி, காதும் கழுத்தும் மட்டும் சூடாக இருந்தன.

காலடியில் அவளுடைய கருவிப் பை. அதற்குள், டேப்புச் சுருள்களுக்கு அடியில், ஒட்டிக்கொண்ட காண்டாக்டர் துணியில் சுற்றிக் கிடந்தது. மூன்று நாளாக அதைத் தூக்கிப் போட நினைத்தாள். ஒவ்வொரு தெருவிலும் குப்பைத் தொட்டி இருந்தது. போடவில்லை.

நான்கு மணிக்கு வண்டி வந்து நின்றது. இன்ஜினியரோடு இளையவளும் இறங்கினாள். "சார் இந்தப் பக்கம்தான் வர்றாருன்னு ஏறிக்கிட்டேன் அக்கா. அப்படியே வீட்டுக்குப் போய் அவருக்குச் சட்டை எடுக்கணும். இந்தாங்க, உங்க பிளாஸ்க்."

இன்ஜினியர் பெட்டி முன்னால் நின்று டார்ச் அடித்தார். மூத்தவள் சுவரோடு ஒட்டி நின்றாள். வெளிச்சம் இடது காண்டாக்டரில் நின்றது, வலதுக்குப் போனது, நடுவுக்கு வந்தது.

"இன்டர்லாக் இருக்கே."

அவர் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"நல்ல வேலைம்மா. பாதிப் பேரு இதைப் போடறதே இல்லை." அவர் டார்ச்சை அணைத்தார். நெற்றி சுருங்கியது. "அப்போ உங்க வீட்டுலேருந்து கரண்ட் திரும்பிப் போக வழியே இல்ல. இந்தத் துண்டை மீறி வர முடியாது. அப்படின்னா அவன் பியூஸையே எடுக்கல."

"அவன் பியூஸை எடுத்தான் சார்," என்றார் கணவர். குரல் உடைந்திருந்தது. "வீடு இருட்டாச்சு."

"ஒரு பியூஸ் எடுத்திருப்பான். சரியானதை எடுத்தானா? டெஸ்டரும் வைக்கல, பியூஸும் தப்பா எடுத்திருக்கான். இது கவனக்குறைவு இல்லைங்க. அவன் கூட வேலை செய்யறவன் உயிருக்கும் சேர்த்து ஆபத்து. நாற்காலி போட்டு உட்கார வைக்கறதோட நிக்காது. வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

இளையவள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள்.  மெதுவாக, யாருக்கோ மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னாள்:

"பியூஸ்கூடப் பார்க்கலையா அவரு. உங்க வீட்டு வாசல்ல வந்து விழுந்து, உங்க பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டாரு அக்கா. தெருவுல ரெண்டு பேரு கேட்டாங்க, சுவிட்ச் அக்கா போட்ட பெட்டியில கோளாறான்னு. நான்தான் சண்டை போட்டேன். எங்க அக்கா வேலையில கை வைக்காதீங்கன்னு."

மூத்தவள் கையிலிருந்த பிளாஸ்க்கை மேடையில் வைத்தாள்.

இன்ஜினியர் மேசை மேல் கிடந்த புரூஃப் தாள்களை ஒதுக்கிவிட்டுப் படிவத்தை வைத்தார். "பெட்டி முறைப்படி இருக்குன்னு கீழே ஒரு வரி. லைசென்ஸ் நம்பரோட ஒரு கையெழுத்து. இன்னிக்கே அனுப்பிடறேன்." தன் பேனாவையே அவள் பக்கம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

வெளியே மேகம் ஒன்று கடந்தது. அறை மங்கியது. சமையலறையில் 'டக்' என்றது. தம்பி விழுந்த அன்றே காத்திருப்புத் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பியிருந்தாள். மேசை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. கம்ப்யூட்டர் செத்தது. கணவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா," என்றாள் இளையவள். சட்டை எடுக்க வந்ததை மறந்து, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு இனிமே வீட்லயேதான் இருக்கப் போறாரு. கை வெந்த எரிச்சல் தாங்கல, பேன் ஒரு நிமிஷம் நின்னாலும் துடிக்கிறாரு. எங்க வீட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்கக்கா. வேற யாரு போட்டாலும் எனக்கு நம்பிக்கை வராது."

பேனா முனை காகிதத்தைத் தொட்டிருந்தது. தொட்ட இடத்தில் மை ஊறி ஒரு புள்ளி பெரிதானது. மூத்தவள் தன் விரல் நகத்தைப் பார்த்தாள். நகக்கண்ணில் அந்தக் கருப்பு.

பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள். இளையவள் இருந்த பக்கம் அவளால் திரும்ப முடியவில்லை.

"சார்," என்றாள். "டார்ச்சை எடுத்துக்கிட்டு இன்னொரு தடவை வாங்க. நடுவுல இருக்கே அந்தத் துண்டு, அதை உங்க விரலால ஒரே ஒரு தடவை துடைச்சுப் பாருங்க."